தொலைவிலிருந்து தொடங்கும் கை

கீழ்த்திசையில் கடல் இரைய, மேற்றிசையில் கொற்றலையாற்றுக் கழிநீர் சாம்பல் நிறங்கொண்டு தேங்கிக் கிடக்க, இடையே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வானுக்குக் கரி பூசிக்கொண்டிருந்த எண்ணூரில், வெயில் சாயத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், சரக்கு வண்டிகள் எழுப்பிய புழுதியினூடே, முந்தானையால் மூக்கைப் பொத்தியவாறு, செங்கொடி என்னும் அறுபத்திரண்டு அகவையாள் தெருமுனை மருத்துவகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஆலைத் தொழிலாளியான தந்தை ஆசையாய் இட்ட பெயர் அது. அதைச் சொல்லி அழைக்கத்தான் இப்போது வீட்டில் ஆளில்லை.

கணவன் பகலவன் மறைந்து நான்காண்டுகள் ஆகின்றன. அந்நாள்முதல் பேருந்தில் அவளை இடித்தவர் உண்டு, தொட்டவர் இல்லை. சென்ற கோடையில் வயிற்று நோவென்று மருத்துவர் கிறிஸ்டினாவிடம் சென்றவள், அவர் கை தன் வயிற்றில் படிந்தபோது கண்கலங்கினாள். நோவு மறுநாளே நீங்கிற்று; அவளோ வெள்ளிதோறும் செல்வதை நிறுத்தவில்லை. நோவென்று காட்டிய இடத்திற்கு மிகத் தொலைவில் தொடங்கி, வயிறு முழுதும் மெல்ல அழுத்திப் பார்த்து, இறுதியிலேயே அவ்விடம் சேர்வது அம்மருத்துவர் வழக்கம் என்பதை அவள் கண்டுகொண்டாள். ஆகவே ஏதேனும் ஒரு கோடியைக் காட்டுவாள். கை நெடுவழி நடந்துவரும். கள்ளந்தான், ஐயமில்லை, ஆயினும் நல்லுள்ளம் படைத்தீர், பசித்தவள் செய்த கள்ளம் அது.

அவ்வாரமோ, வலவிலாவின் கீழே மெய்யாகவே கண்ட நோவு இரண்டு நாளாய் அவளை வாட்டிற்று. அது வெளிப்பட்டால் மருத்துவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். அங்கே கருவிகள் இருக்கும், கத்தி இருக்கும், இந்தக் கை இராது. அஞ்சியவள் நோவிடத்தை மறைக்கத் துணிந்தாள்.

"இன்னைக்கு எங்கம்மா வலி?"

"கீழ, எடது பக்கம், டாக்டரம்மா. மேல ஒண்ணியும் இல்ல."

தன் வினை தன்னைச் சுடும் என்பது பொய்யாகுமோ? இடக்கீழ்க் கோடிக்கு மிகத் தொலைவான இடம் வலவிலாவே என்பதை அச்சத்தில் அவள் மறந்துபோனாள். மருத்துவரின் விரல்கள் முதன்முதலில் அங்கேயே அமர்ந்தன.

"மூச்சை நல்லா இழுங்க."

இழுத்த மூச்சு பாதியில் அறுந்து நின்றது.

"ஏம்மா மறைச்சீங்க? பித்தப்பை வீங்கியிருக்கும்போல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். கூட யார் வருவாங்க?"

"யாரு கீறாங்க? நீ ஒருத்திதான் தொட்டுப் பாத்துகினு இருந்தே. நோவு இல்லேன்னா நீ இன்னாத்துக்குத் தொடுவே?"

கிறிஸ்டினா பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுத அமர்ந்தார். கடிதம் எழுதி முடித்தபின், நோவில்லாத ஓரிடத்தில், எதையும் தேடாமல், தம் கையை மீண்டும் வைத்தார். அத்தனை வெள்ளிகளாய் ஏங்கிப் பெற்ற அக்கை இன்று இரக்கத்தால் வந்திருக்கிறது என்றறிந்த செங்கொடியால் அதனைத் தாங்க இயலவில்லை. மெல்ல எடுத்து விலக்கினாள்.

"போதும்மா. வெளில ஜனம் நின்னுகினு கீது."

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, விலாவைப் பிடித்தவாறு, தனியளாய்ப் பேருந்தேறினாள். பசித்தவர் சோறு கேட்கலாம், தவித்தவர் நீர் கேட்கலாம், கேட்பதில் இழுக்கில்லை என்று இவ்வுலகம் ஒப்புகிறது; ஒரு கை வந்து தன்னைத் தொடவேண்டும் என்று ஏங்குபவர் மட்டும் நோயென்று சொல்லியே அதைக் கேட்கவேண்டியிருக்கிறது.