கம்பளம் கழற்றிய சுவர்

லுத்மிலா மமலிகா என்ற சோளக் களியை நூலால் அறுத்துத் தட்டில் வைத்தாள். அனதோல் முதல் துண்டைப் பாலாடைக்கட்டியில் தொட்டு வாயில் போடும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழுந்தது.

மேசையில் உப்புக் கிண்ணம் அதிர்ந்தது. அடுத்த அடிக்கு அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று உரசின. ஒர்ஹேய் ஊரில் அந்தத் தெரு வீடுகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுச்சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் அனதோலும் லுத்மிலாவும். அந்தப் பக்கம் ஓவிதியுவும் அவன் மனைவி ரொதிகாவும்.

லுத்மிலா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி ஜன்னலோரத்து ரேடியோவின் குமிழைத் திருகினாள். யாரோ ஒரு கல்யாண வீட்டுப் பாட்டை வயலினோடு உரக்கப் பாட ஆரம்பித்தார்கள். பார்க்காமலே அந்தக் குமிழை எவ்வளவு திருக வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அத்தனை வருஷப் பழக்கம்.

"குடிச்சிருக்கான் போல," என்றான் அனதோல்.

"நாளைக்கு நாட்ட விட்டே போறான். குடிக்காம இருப்பானா?"

"போய்த் தொலையட்டும். நம்ம காதுக்கு நிம்மதி."

"அவளுக்கு?"

"அவளுக்கென்ன, இத்தாலி போறா. களியத் தின்னு, ஆறுது."

பாட்டையும் மீறி ஒரு அலறல் வந்தது. பாதியில் அறுந்தது. பிறகு கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

"அடங்கிட்டாங்க," என்று சொல்லி லுத்மிலா ரேடியோவைக் குறைத்தாள். இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

அனதோலுக்கு இத்தாலிக்கு வண்டி ஓட்டுவதுதான் பிழைப்பு. பின்னால் இழுவைப் பெட்டி மாட்டிய பெரிய வேன். ஊரைக் காலி செய்து போகிறவர்களின் கட்டில், மெத்தை, தையல் மெஷின், பாத்திரம், சில நேரம் பூனையைக்கூட ஏற்றிக்கொண்டு எல்லைகளைத் தாண்டிப் போய் இறக்குவான். ஓவிதியுவுக்கு வெரோனாவில் கட்டட வேலை கிடைத்திருந்தது. அந்த வீட்டுச் சாமான்களை ஞாயிறு காலையில் ஏற்றுவதாகப் பேச்சு.

காலையில் லுத்மிலாவின் தம்பி கோர்னெலைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அனதோல் போனபோது ஓவிதியு மழமழவென்று சவரம் செய்து வாசலில் நின்றான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. உள்ளே பெரிய ஸ்பீக்கரில் பாட்டு அலறியது.

"கைக்கு என்ன தம்பி?" என்றான் அனதோல்.

"பாக்ஸ் மேல விழுந்துருச்சுண்ணே. வாங்க, சட்டுபுட்டுன்னு ஏத்திருவோம்."

"ரொதிகா எங்க?"

"நேத்து ராத்திரி பஸ்லயே அனுப்பிட்டேன். முன்னாடி போய் வீட்டக் கூட்டி வைக்கட்டுமேன்னு."

அனதோல் முற்றத்தைப் பார்த்தான். கொடியில் ரொதிகாவின் பாவாடைகள் ஈரமாகத் தொங்கின. ஊருக்குப் போகிற பெண் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டா போவாள் என்று ஒரு கேள்வி அவன் தொண்டை வரை வந்தது. அதை அவன் விழுங்கினான். நமக்கு எதுக்கு வம்பு. வேலையைப் பார்ப்போம்.

கட்டில் போனது. தையல் மெஷின் போனது. சமையலறையில் ஒரு பாக்ஸை மூடும்போது துண்டுக்கு நடுவில் ரொதிகாவின் மூக்குக்கண்ணாடி கிடைத்தது. ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது, மூக்குப் பக்கம் காய்ந்த ரத்தம். அது இல்லாமல் அவளால் தெருமுனைக் கடையைக்கூட அடையாளம் காண முடியாது. தெருவுக்கே தெரியும்.

அனதோல் கண்ணாடியை ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தான். பிறகு அதைத் துண்டிலேயே சுற்றி உள்ளே வைத்து, பாக்ஸை மூடி, டேப்பை இழுத்து ஒட்டினான். ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தேய்த்தும் விட்டான்.

பக்கத்தில் கோர்னெல் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நிலவறைக்கு இறங்கும் பலகைக் கதவின் மேல் காவல்காரன் மாதிரி அது நின்றது.

"மாமா, இத நகத்துனாத்தான் கீழ போக முடியும். ஒயின் பூரா கீழதான இருக்கு."

"அத விடு," என்றான் ஓவிதியு, சட்டென்று.

கோர்னெல் சிரித்தான். "என்னண்ணே வெளையாடுறீங்களா? எங்க ஆளுங்க பொண்டாட்டிய மறந்தாலும் ஒயின மறக்க மாட்டாங்க. போன மாசம் ஒருத்தரு கட்டில வேண்டாம்னுட்டு நாலு பீப்பா ஏத்துனாரு."

"விடுன்னு சொன்னேன்ல. கைய எடுடா நாயே."

கோர்னெலின் சிரிப்பு நின்றது. ஓவிதியு மறுபடி குரலை இறக்கினான். "ஒயின் புளிச்சுப்போச்சு. எல்லாம் வீண். விடுப்பா."

இந்த ஊரில் ஒருவன் வீட்டைக் காலி செய்தால் முதலில் ஏறுவது நிலவறைதான். ஒயின், ஊறுகாய், பழச்சாறு, எல்லாம் ஏறிய பிறகுதான் மற்றது. நிலவறையைத் திறக்காமலே கிளம்புகிற ஆளை அனதோல் அன்றுதான் பார்த்தான். பார்த்துவிட்டு, "மச்சான், கம்பளத்தக் கழட்டு," என்று மட்டும் சொன்னான்.

கம்பளம் நடுச்சுவரை மேலிருந்து கீழ் வரை மூடித் தொங்கியது. கறுப்பில் சிவப்பு ரோஜா. ரொதிகாவின் அம்மா வீட்டுச் சீர். ஆணி பிடுங்கும் சுத்தியலை வைத்து கோர்னெல் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்க, கம்பளம் மடிந்து கீழே விழுந்தது.

பின்னால் சுவர் வெள்ளையாக இல்லை. ஒரு ஆள் தலை உயரத்தில் சுண்ணாம்பு குழிந்து, பொரிந்து, பழுப்பேறிக் கிடந்தது. பழைய கறை, அதன் மேல் புதுக் கறை. ஓரிடத்தில் ஒரு நீள முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழிக்கு நேர் பின்னால்தான் தன் வீட்டு மேசை இருக்கிறது என்பது அனதோலுக்குப் புரிந்தது. உப்புக் கிண்ணம் அதிர்ந்தது எதனால் என்பதும்.

"மாமா," என்றான் கோர்னெல் மெதுவாக.

"சுருட்டு," என்றான் அனதோல். "நேரமாச்சு."

எல்லாம் ஏறிவிட்டது. கூடத்தில் நான்கு பாக்ஸும் இன்னும் அலறிக்கொண்டிருந்த ஸ்பீக்கரும் மட்டும் பாக்கி. வழிக்குச் சாப்பிட லுத்மிலா பாலாடைக்கட்டி வைத்த பிளசிந்தா அடைகளைச் சூடாகச் சுட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். சுவரைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி, உக்காருங்க எல்லாரும்," என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம்க்கா," என்றான் ஓவிதியு. "கிளம்புவோம்."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். நெடுந்தூரம் போகிறவர்கள் கிளம்பும் முன் வீட்டில் எல்லாருமாக ஒரு நிமிஷம் வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவார்கள். கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவன்கூட உட்கார்ந்துவிட்டுத்தான் ஓடுவான்.

"உக்காராம நான் சாவியப் போட மாட்டேன்," என்றான் அனதோல். "மலைப்பாதையில வண்டி ஓட்டுறவன் நான். எனக்கும் குடும்பம் இருக்கு. உக்காரு."

நாலு பேரும் நாலு பாக்ஸில் உட்கார்ந்தார்கள். கோர்னெல் எட்டி ஸ்பீக்கரை அணைத்தான்.

கம்பளம் இல்லை, மெத்தை இல்லை, திரை இல்லை. வெற்று வீடு. அதில் ஒருவர் மூச்சு விட்டால்கூடக் கேட்டது. அப்போது தரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டிங்.

கண்ணாடி ஜாடியில் எதையோ மோதுகிற மாதிரி. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. டிங். டிங்.

"எலி," என்றான் ஓவிதியு.

அவன் அனதோலையே பார்த்தான். "எலிதானண்ணே?"

ஆமாம் என்று சொல்ல அனதோல் வாயைத் திறந்தான். சொல்லியிருப்பான். ஆனால் அவன் கண் லுத்மிலாவின் கையில் போய் நின்றது. அவள் வலது கை தானாக நீண்டு, பக்கத்தில் காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. இரண்டு விரலும் ஒரு குமிழைப் பிடித்துத் திருகுகிற மாதிரி வளைந்திருந்தன.

லுத்மிலாவும் தன் கையைப் பார்த்தாள். இங்கே ரேடியோ இல்லை.

அவள் எழுந்தாள். பிளசிந்தா மடியிலிருந்து தரையில் விழுந்தது. நேராகச் சமையலறைக்குப் போய் ஊறுகாய்ப் பீப்பாயில் இரு கையையும் வைத்துத் தள்ளினாள்.

ஓவிதியு பாய்ந்து அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தான். கூடத்துக்கு இழுத்துவந்து அவள் தலையை அதே சுவரில், அதே குழியில் மோதினான். சத்தம் அனதோலுக்குப் பழக்கமான சத்தம். களி தின்றுகொண்டே கேட்ட சத்தம். இந்த முறை நடுவில் சுவர் இல்லை.

அனதோல் அவன் முதுகில் விழுந்தான். ஓவிதியு தரையில் கிடந்த சுத்தியலை எடுத்து வீச, அனதோலின் தோள்பட்டை எலும்பு சுள்ளி ஒடிகிற மாதிரி ஒடிந்தது. இரண்டாவது வீச்சில் காது கிழிந்தது. கழுத்தில் சூடாக ஓடியது. ஆனாலும் அவன் பிடியை விடவில்லை. நல்ல கையால் ஓவிதியுவின் கழுத்தை வளைத்து, பல்லால் அவன் காதைக் கடித்துத் தொங்கினான்.

"என் வீடு, என் பொண்டாட்டி, உனக்கென்னடா?" என்று ஓவிதியு கத்தினான். சுத்தியல் மறுபடி ஓங்கியது.

கோர்னெல் வண்டியிலிருந்து சாமான் கட்டும் பட்டையோடு ஓடிவந்தான். அனதோல் ஓவிதியுவைக் கதவோரம் தள்ளிவிட்டு விலக, கோர்னெல் அவன் மார்போடும் கையோடும் சுற்றி, கதவு நிலையோடு சேர்த்து, பீரோவைக் கட்டுகிற மாதிரி கொக்கியை மாட்டி இறுக்கினான். ஒவ்வொரு இழுப்புக்கும் பட்டை கடகடவென்றது. சுத்தியல் நழுவித் தரையில் விழுந்தது. கோர்னெல் நிறுத்தவில்லை. ஓவிதியுவின் முகம் நீலமாகிற வரை இறுக்கினான்.

"போதும் மச்சான். செத்துருவான்."

"சாகட்டும்."

"போதும்னேன். போலீசுக்குப் போன் போடு."

நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் வழிய லுத்மிலா பீப்பாயைத் தள்ளிக் கவிழ்த்தாள். ஊறுகாய்த் தண்ணீர் வீடெல்லாம் ஓடியது. பலகைக் கதவில் ஆணி அடித்திருந்தது. விழுந்து கிடந்த சுத்தியலை எடுத்து அவளே பிடுங்கினாள்.

கீழே ஒயின் பீப்பாய்களுக்கு நடுவில் ரொதிகா கிடந்தாள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. கையும் காலும் பழுப்பு டேப்பால் சுற்றிக் கட்டியிருந்தது, வாயிலும் அதே டேப். நெற்றியால் ஊறுகாய் ஜாடியை மோதி மோதி நெற்றி கிழிந்திருந்தது.

மேலிருந்து எட்டிப் பார்த்த அனதோல் அந்த டேப்பை அடையாளம் கண்டான். முந்தின நாள் மதியம், பாக்ஸ் ஒட்ட வேண்டும் என்று ஓவிதியு அவன் வண்டியிலிருந்து வாங்கிப்போன டேப்.

போலீஸ் வந்தது. போய்ச் சேர்ந்ததும் போன் செய்து திறந்துவிடச் சொல்லியிருப்பேன், பயமுறுத்தத்தான் செய்தேன், 'கூட வர மாட்டேன், இது என் அம்மா கொடுத்த வீடு' என்று அவள்தான் திமிராகப் பேசினாள் என்றெல்லாம் ஓவிதியு சொன்னான். போலீஸ்காரர் ஆணி அடித்த பலகையைப் பார்த்துவிட்டு அவன் கையில் விலங்கை மாட்டினார்.

ஆம்புலன்ஸ் வருகிறவரை ரொதிகாவை வாசல் படியில் உட்கார வைத்து, கம்பளத்தை விரித்துப் போர்த்தியிருந்தார்கள். லுத்மிலா ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சே ரொதிகா. எனக்குக் கேக்கலயே."

ரொதிகா வெடித்த உதட்டை அசைத்தாள். கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை.

"கேட்டுச்சுக்கா. உங்க ரேடியோல வர்ற எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். சுவத்துல தலை மோதுறப்ப காத அங்கதான வெச்சிருப்பேன். மொத அடிக்கு உங்க நாக்காலி நகருதான்னு பாப்பேன். ரெண்டாவது அடிக்குப் பாட்டு சத்தம் கூடும். சரி, இன்னிக்கும் யாரும் வரலன்னு தெரிஞ்சுக்குவேன்."

லுத்மிலாவின் கையிலிருந்த துணி நின்றது.

அதற்குள் வேலியோரம் தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு ஆள் ஒருவர் தொப்பியைச் சரிசெய்தபடி பெருமூச்சு விட்டார். "என்ன இருந்தாலும் புருஷன் பொண்டாட்டி விஷயம். குடும்பத்துக்குள்ள நாம தலையிட்டு, போலீஸ் வரைக்கும் போயிருக்கணுமா அனதோல்?"

ஒடிந்த தோளைப் பிடித்துக்கொண்டு அனதோல் அவர் பக்கம் நடந்தான். கிழிந்த காதிலிருந்து ரத்தம் இன்னும் சொட்டியது.

"நேத்து வரைக்கும் நானும் இதத்தாண்ணே சொன்னேன். இன்னிக்குக் காலைல அவ கண்ணாடிய என் கையால பாக்ஸுல வெச்சு ஒட்டுனேன். துணி ஈரமா இருந்தது தெரியும், சுவத்துல ரத்தம் இருந்தது தெரியும், எல்லாம் தெரியும். தெரிஞ்சே அவள அந்த நிலவறையில பொதைச்சுட்டு வண்டி எடுக்கப் பாத்தேன். அடிச்சது அவன் ஒருத்தன்தான். ஆனா அவன் இவ்வளவு வருஷம் தைரியமா அடிச்சதுக்கு நாம எல்லாரும்தான் காரணம். பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு அடி வாங்கற சத்தம் காதுல விழுந்துருச்சுன்னா, அதுக்கப்புறம் அது அவங்க குடும்ப விஷயம் இல்ல. கேட்டவனோட விஷயம். எந்திரிச்சுப் போய்க் கதவத் தட்டணும். தட்டாதவனும் அடிச்சவன்தான்."

எதிர்வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ரொதிகா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் கோர்னெலும் லுத்மிலாவும் ஏற்றிய சாமான் அத்தனையையும் இறக்கி, அதனதன் இடத்தில் வைத்தார்கள். கட்டில், தையல் மெஷின், பாத்திரம். டேப்பைப் பிரித்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, புதுக் கண்ணாடி போட்டு மேசையில் வைத்தார்கள். கடைசியாகக் கம்பளத்தை அலசிக் காயவைத்து, நடுச்சுவரில் தூக்கிப் பிடித்து ஆணிக்கு இடம் பார்த்தபோது ரொதிகா உள்ளே வந்தாள்.

"அத மட்டும் மாட்டாதீங்கக்கா," என்றாள். "கீழ விரிச்சிடுங்க. சுவரு வெறுமனே இருக்கட்டும். இனிமே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, என்ன சத்தம் வந்தாலும் நல்லாக் கேக்கணும்."