கைக்கட்டுப் போட்ட பொம்மை

கோயமுத்தூர் மாதா கோயில் மண்டபத்தில், மேசைமேல் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. ஒரு முழ உயரம் இருக்கும். பனியன் துணி உடம்பு, தேங்காய் நார் முடி. இடக்கை கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்திருந்தது. போன ஆவணியில் சூசைமேரி வீட்டு அடுப்படியில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மகன் வேலுமணி விறகுக்கட்டையால் அடித்ததை அவளிடம் மட்டும்தான் சொன்னேன். காங்கேயத்தில் நானும் அவளும் வேலை செய்கிற தேங்காய்க் களத்தில் கேட்டவர்களிடமெல்லாம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவைத்தேன். களத்தில் கூட வேலை செய்யும் ராமாமணியின் அண்ணன் மகளைத்தான் அவனுக்குப் பேசியிருந்தது. வருகிற தையில் கல்யாணம். சூசைமேரி என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டே பார்த்தும் இருக்கிறாள். சேலைக் கிழிசல், மூக்கு நுனியில் நின்ற நீர், ஒன்றையும் விடவில்லை.

தான் தைத்த பொம்மைக்குப் பரிசு கிடைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று அவளேதான் என்னையும் ராமாமணியையும் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தாள்.

"பாவாத்தாக்கா, கீழ அட்டைல என்னமோ எழுதியிருக்குதுங்க," என்று ராமாமணி குனிந்தாள். "அறிவொளிக்குப் போனவங்க நீங்கதான, படிங்க பாக்கலாம்."

எழுத்துக்கூட்டினேன். 'மகன் அடித்த கை' என்றிருந்தது. நாற்பத்தேழு வயதில், களத்து வேலை முடிந்து, கண் சொக்கச் சொக்கக் கற்ற எழுத்து.

"அம்மா," என்றேன்.

"இத்தன எழுத்துக்கு அம்மாதானுங்களா? வாத்தியாரு உங்களுக்குச் சும்மா பாஸ் போட்டுட்டாரு போல!" சிரித்துக்கொண்டே, படிக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் போனாள்.

சூசைமேரியை இழுத்து நிறுத்தினேன். "பிரிச்சுப்போடு கண்ணு."

"உங்க பேர எங்கீங்க போட்டேன்?"

"பொண்ணோட அத்தைக்குப் பேரு வேணுமா? பிரிச்சுப்போடு."

"இது மாதிரி இன்னொன்னு எனக்கு வராதுங்கக்கா."

"உங்கிட்ட மட்டுந்தான சொன்னேன்."

வாசல் பக்கமிருந்து ராமாமணி ஒரு கன்னியாஸ்திரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். சூசைமேரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்ணில் நீர் கோத்திருக்க, கோணுகிற என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வலக்கையின் ரெண்டு விரல்கள், ஊசியைப் பிடித்த மாதிரி, காற்றில் மெல்ல நூலை இழுத்தன.