ரெண்டு கட்டையும் கடிக்கணும்

போன மார்ச்சில், பழைய வண்டிக்காரர் சங்கத்தின் மலைப் பயணத்தில், நெரிடா பைபஸ் என்பவளின் மோட்டார் சைக்கிள் போய் நின்ற இடம் நிற்க வேண்டிய இடமே அல்ல. உட்பிரிட்ஜ் மலையிலிருந்து இறங்கும் சாலை கடலோரச் சாலையில் முட்டுகிற முக்கில் நிற்க வேண்டும். அவள் முன் பிரேக்கைப் பிடித்தாள், பின் பிரேக்கை மிதித்தாள், கடைசியில் கடவுளையும் கூப்பிட்டுப் பார்த்தாள். மூன்றும் கைவிட்டன. வண்டி சாலையைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கத்துத் தோட்ட வாசலுக்குள் புகுந்து, சங்கத்தார் சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்த மேசையைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றது. அந்த நேரம் கடலோரச் சாலையில் ஒரு கார் வந்திருந்தால் சிரிப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. வரவில்லை. அதனால் ஊரே சிரித்தது. சிக்னெட் கடைத்தெருவில் பெட்ரோல் போடப் போனாலும் ரொட்டி வாங்கப் போனாலும் "சாஸேஜ் ராணி வந்தாச்சு" என்றார்கள்.

நெரிடாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையிலும் பனியிலும் வளைந்து வளைந்து இறங்குகிற சாலையில், இருபது வருடத்தில் ஒரு பிள்ளையின் மூக்குகூட முன்சீட்டில் இடித்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? கேலி உறைத்தது. ஆனால் அதைவிட அதிகமாக உறைத்தது, கையில் பிரேக் லீவர் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொண்ட அந்தக் கணம்.

வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருடத்து ஒற்றை சிலிண்டர். ஒன்பது ஆப்பிள் பெட்டிகளில் துண்டு துண்டாக வாங்கி, நான்கு வருடம் உட்கார்ந்து அவளே கோத்தது. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. முன் பிரேக்தான் அந்தக் காலத்துக்கு மட்டும் போதுமானதாக இருந்தது.

தம்பி கிளைவ் படகுப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அவன் முன்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து காட்டினான்.

"இங்க பாரு அக்கா. ரெண்டு கட்டை இருக்கு. ஒண்ணுதான் வேலை பாக்குது. சக்கரம் சுத்துற வேகமே இந்தக் கட்டைய இழுத்து டிரம்மோட ஒட்ட வைக்குது, அது தானா கடிக்கும். இன்னொண்ண அதே சுத்து டிரம்ம விட்டுத் தள்ளுது. சும்மா உரசிக்கிட்டு நிக்கும். ரெண்டு பேரு வேலை செய்யுற எடத்துல ஒருத்தன் சிகரெட் பிடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி."

"அவனையும் வேலை வாங்க முடியாதா?"

"முடியும். இப்ப ரெண்டையும் தள்ளி விரிக்கிறது ஒரே கேம். அதுக்குப் பதிலா ஆளுக்கொரு கேம் கொடுத்து, ரெண்டாவது கட்டைய தலைகீழா திருப்பி வெச்சா ரெண்டும் கடிக்கும். ஆனா கட்டைங்க உக்கார புதுசா பிரேக் தட்டு செய்யணும். அதுக்குப் பேசாம டிஸ்க் பிரேக் போட்டுட்டுப் போயேன்."

"அம்பத்து நாலு வண்டியில டிஸ்க்கா? பல்லு போனவருக்குத் தங்கப்பல்லு கட்டின மாதிரி இருக்கும். சங்கத்துல சேத்துக்கவும் மாட்டாங்க. தட்டு செய்வோம்."

செய்தார்கள். பட்டறையில் மிஞ்சிக் கிடந்த தடித்த அலுமினியத் துண்டு ஒன்றைக் கிளைவ் லேத்தில் மாட்டினான். வெள்ளிச் சுருள்கள் அவன் பூட்சைச் சுற்றிக் குவிந்தன. சனிக்கிழமைகளெல்லாம் அப்படியே போயின. நெரிடா வேறொரு பழைய வண்டியிலிருந்து இரண்டாவது கேமைத் தேடிப் பிடித்தாள். கட்டைகளின் முகத்தில் உராய்கிற புது லைனிங் ஒட்டி, டிரம்மின் வளைவுக்கு ஏற்றபடி கடைந்தார்கள். லைனிங்கில் சாக்குக்கட்டியைப் பூசி டிரம்முக்குள் வைத்துச் சுற்றிப் பார்ப்பாள். சாக்கு அழிந்த இடம் படுகிற இடம். அழியாத இடம் படாத இடம். முதல்முறை ஓரத்தில் மட்டும்தான் அழிந்திருந்தது. அரத்தை எடுத்தாள். ஆறாவது முறை வெளியே எடுத்தபோது சாக்கு முழுக்கப் போயிருந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துப் படகின்மேல் ஏறி வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தவர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டார்.

தட்டுக்கு வெளியே கேமுக்கு ஒன்றாக இரண்டு லீவர்கள், இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. அந்தக் கம்பியின் நீளம்தான் உயிர்நாடி. இரண்டு கட்டைகளும் ஒரே நொடியில் டிரம்மைத் தொட வேண்டும். ஒன்று முந்தினால் பழைய கதைதான். கால் திருப்பு, அரைத் திருப்பு என்று நட்டைத் திருகித் திருகி நெரிடாவின் கட்டைவிரல் தோல் உரிந்தது. எல்லாம் சரியாக வந்ததும் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

கிளைவ் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஒரே ஒரு தடவ. படகுத்துறைவரைக்கும்."

"அக்கா, தட்டு சுத்திடாமப் பிடிச்சிக்கிட்டு இருக்கே, அந்தக் கம்பியப் பாத்தியா? அது பழைய பிரேக்குக்குப் போட்டது. இப்ப கடிக்கிற கடிக்கு அது முறிஞ்சா தட்டு சக்கரத்தோட சேந்து சுத்தும். கேபிள இழுத்துச் சுருட்டிக்கும். சக்கரம் அப்படியே பூட்டிக்கும். நீ மட்டும் படகுத்துறைக்குப் போவ, வண்டி இங்கயே இருக்கும்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"மொதல்லயே சொன்னேன். நீ சாக்குக்கட்டியப் பாத்துக் கத்திக்கிட்டு இருந்த."

தடித்த எஃகில் புதுக் கம்பி அடித்து, முன்சக்கர ஃபோர்க்கோடு பெரிய போல்ட்டால் பிணைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுவதும் நெரிடா பஸ்ஸை ஓட்டும்போதுகூட வலது கை விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடத்து மலைப் பயண நாள் காலை வெயில் பளிச்சென்று இருந்தது. மலையேறுகிற சாலையில் முப்பது வண்டிகளின் புகையும் சத்தமும். சமதளத்தில் நான்கைந்து முறை பிரேக்கைத் தொட்டுப் பார்த்திருந்தாள். இரண்டே விரல். முன்பக்கம் குனிந்து, வண்டி பணிந்தது. அவளுக்கு வாய் காதுவரை போனது. கிளைவ் டீக் குடுவையோடு காரில் முன்பே போய், மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரத்து முக்கில் காத்திருந்தான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஏற்றத்தில், மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டிகள் வரிசையாக நின்றன. நெரிடாவின் இன்ஜின் அணைந்துபோனது. அவளுக்குப் பின்னால் லாக்லன் டூகி. ரிட்டயர் ஆன தபால்காரர். வண்டியின் நிக்கல் பூச்சில் முகம் பார்த்துத் தலை வாருகிறவர் என்று சங்கத்தில் பேச்சு.

லாரி நகர்ந்ததும் நெரிடா கிளப்பப் பார்த்தாள். இடது காலைத் தரையில் ஊன்றி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலைக் கிக்கர்மேல் தூக்கி வைத்தாள். வண்டி பின்னால் உருண்டது.

இன்னும் இறுக்கினாள். உருண்டது. நான்கு விரலும் வெளுக்கப் பிடித்தாள். பிரேக் உண்டா இல்லையா என்றே தெரியாத மாதிரி வண்டி சரிந்து போய், லாக்லனின் முன் மட்கார்டில் டங்கென்று இடித்தது.

"ஏம்மா! சாஸேஜு பத்தலைன்னு இப்ப என்னையும் சுடப் போறியா?"

"சாரி லாக்லன். பிரேக் பிடிக்கல."

"பிடிக்கலயா? ஆறு மாசமா தம்பியும் அக்காவும் பட்டறையில என்ன பண்ணீங்க, பேன் பாத்தீங்களா?" அவர் ஒடுங்கிய இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார், துடைத்தால் நிமிர்ந்துவிடும் என்பதுபோல. பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "நெரிடா, வெளையாட்டுக்குச் சொல்லல. இதோட அந்தப் பக்கம் எறங்காத. பின்னால சங்கத்து டிரெய்லர் வருது. ஏத்தி அனுப்பிடு. வெக்கம் ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. வண்டியை ஓரமாகச் சாய்த்து நிறுத்தினாள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஃபோன் சிக்னல் இல்லை. கிளைவிடம் கேட்கவும் வழியில்லை. கேபிளைப் பார்த்தாள்: சரி. இணைப்புக் கம்பி: சரி. புதுப் பிடிப்புக் கம்பி: அசையவில்லை. அப்புறம் ஏன்? காலையில் சமதளத்தில் இரண்டு விரலுக்குப் பணிந்த பிரேக், இங்கே நான்கு விரலுக்கு ஏன் பணியவில்லை?

பழைய பிரேக் எவ்வளவு மோசமானாலும் ஏற்றத்தில் நின்றால் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். இத்தனை வருடத்தில் ஒருநாளும் இப்படிப் பின்னால் உருண்டதில்லை.

பின்னால்.

நெரிடா எழுந்தாள். வண்டியை நிமிர்த்தி, ஒரு முழம் முன்னால் தள்ளிப் பிரேக்கைப் பிடித்தாள். சுவரில் முட்டியதுபோல நின்றது. விட்டாள். பின்னால் உருள விட்டுப் பிடித்தாள். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி முன்னால்: கல். பின்னால்: வெண்ணெய்.

"லாக்லன்! இங்க வாங்க, இங்க வாங்க!"

போகாமல் துணைக்கு நின்றிருந்த லாக்லன் பயந்துபோய் ஓடிவந்தார். நெரிடா குந்தி உட்கார்ந்து டிரம்முக்கு இரு பக்கமும் இரு கைகளையும் வளைத்து வைத்துக் காட்டினாள்.

"முன்னாடி சுத்தும்போது ரெண்டு கட்டையும் கடிக்குது. அப்படித்தான் செஞ்சோம். அப்ப பின்னாடி சுத்தினா? ரெண்டையும் டிரம்ம விட்டுத் தள்ளும்! பழசுல எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒண்ணு கடிக்கும், இன்னொண்ணு சும்மா இருக்கும். இதுல முன்னாடின்னா ரெண்டு பேரும் வேலை, பின்னாடின்னா ரெண்டு பேருக்கும் லீவு. கெட்டுப்போகல லாக்லன்! சரியா வேலை செய்யுறதாலதான் இப்படிப் பண்ணுது!"

லாக்லன் நம்பவில்லை. தானே வண்டியைப் பிடித்து முன்னால் தள்ளி, பின்னால் விட்டு, மூன்று முறை பார்த்தார்.

"சரிதான் போல இருக்கு," என்றார் கடைசியில். "ஆனா எறக்கத்துல நான் உனக்கு முன்னாடி போக மாட்டேன். என் பின் மட்கார்டாவது மிஞ்சட்டும்."

நெரிடா வண்டியைச் சாலைக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தினாள். உருள வழியில்லை. ஒரே உதையில் இன்ஜின் பற்றிக்கொண்டது.

உச்சியைத் தாண்டியதும் கீழே கடல் தெரிந்தது. அவள் கடலைப் பார்க்கவில்லை. சாலை முன்சக்கரத்துக்குக் கீழே மடிந்து விழுந்தது. போன வருடம் லீவர் கைப்பிடியை நோக்கித் தொய்யத் தொடங்கிய அதே வளைவு எதிரே ஓடிவந்தது. இரண்டு விரலால் தொட்டாள்.

வண்டியின் வேகம் குறைந்தது. சத்தமில்லாமல், பதறாமல், கேட்ட அளவுக்குக் குறைந்தது. விட்டாள், வளைந்தாள், அடுத்த வளைவு. தொட்டாள், குறைந்தது. மூன்றாவது வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத் தொட்டாள். அதற்கும் வந்தது. ஹெல்மெட்டுக்குள் யாரோ பாடுவது கேட்டது. தான்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. லைனிங் சூடாகும் வாடை மூக்கில் ஏறியது. லீவர் ஒரு நூல் உள்ளே வந்தது. ஒரு நூல்தான், அதற்குமேல் வரவில்லை.

கடைசி நேர் இறக்கம். முக்கில் வெள்ளைக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் கடலோரச் சாலையில் பால் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. சங்கத்துக்காரர்கள் புல்வெளியில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெரிடா நெஞ்சை நிமிர்த்தி, முழங்கால்களால் டாங்கைப் பிடித்து, லீவரை அழுத்தினாள். ஃபோர்க் அமிழ்ந்தது. டயர் ஒருமுறை கீச்சிட்டது. வண்டி கோட்டுக்குப் பத்தடி முன்பே நின்றுவிட்டது. கோடுவரை போக அவள் காலால் தள்ள வேண்டியிருந்தது.

கிளைவ் ஓடிவந்தான். அக்காவைப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து பிடிப்புக் கம்பியைத்தான் பார்த்தான். பிறகு டிரம்மைத் தொட்டான்.

"ஆ!"

"சூடா இருக்கும்னு தெரியாதா?"

"தெரியும். எவ்வளவு சூடுன்னு பாத்தேன்." விரலை உதறிக்கொண்டே சிரித்தான். "எப்படி இருந்துச்சு?"

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லாக்லன் மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கிவந்து, முக்குக்கு வெகுதூரம் முன்னாலிருந்தே காலைத் தேய்த்துக்கொண்டு நிறுத்தினார். பூட்ஸ் அடியில் புகை வந்தது.

"கிளைவு," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க அக்கா என் மட்கார்ட ஒடுக்கிட்டா."

"எப்படி?"

"ரிவர்ஸ்ல வந்து."

கிளைவ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, பின்னாடி பிடிக்காதுன்னு சொல்ல மறந்துட்டேன்!"

"பரவால்லடா. நானே கண்டுபிடிச்சிட்டேன்," என்றாள் நெரிடா. அந்த வாக்கியத்தை அன்றைக்கு முழுவதும் இன்னும் பலபேரிடம் சொல்லப் போகிறாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

லாக்லன் வண்டியிலிருந்து இறங்கி வந்து குந்தி உட்கார்ந்தார். இரண்டு லீவர்களையும் இணைப்புக் கம்பியையும் விரலால் தடவிப் பார்த்தார். "அந்த அலுமினியத் துண்டு இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார், மற்ற யாருக்கும் கேட்காத குரலில்.

கிளைவ் பதில் சொல்வதற்குள் நெரிடா வண்டியை மலைப் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

"எங்கக்கா போற? டீ ஊத்திட்டேன்!"

"நீ குடி. இன்னொரு தடவ எறங்கிட்டு வந்துடுறேன்."

வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. முதல் வளைவில் மறைவதற்கு முன், தேவையே இல்லாமல் அவள் பிரேக்கைத் தொட, ஒருமுறை வண்டியின் முன்பக்கம் குனிந்து நிமிர்ந்ததைக் கீழே நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.