சோஃபாவின் வலது மூலை

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உள்ள கீத்லியில் நாய் வளர்ப்பவர்கள் காலையில் பூங்காவில் சந்தித்துக்கொண்டால், மழையைப் பற்றிப் பேசி முடித்ததும் அடுத்து வருவது இந்தப் பேச்சுதான்: "உங்க வீட்ல நாயை சோஃபாவுல ஏற விடுவீங்களா?" ஊரே இதில் இரண்டு கட்சி. விடுகிறவர்கள் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார்கள். விடாதவர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்வார்கள். எண்பது வயதைத் தாண்டிய கிளிஃப் சக்டனைக் கேட்டால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க வீட்லயா? சேச்சே. என் பொண்டாட்டி விடவே மாட்டா" என்பார்.

மனைவி வின்னி இறந்துபோய் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் வாயில் "விடமாட்டா" என்றுதான் வரும். சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார். கேட்டவர்கள், பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நடையைத் தொடர்வார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கிளிஃப் மாடி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மழை நாள் மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, கண்டக்டர் சிட் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டான். கீழ்த்தட்டின் முன் இருக்கையில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. பழுப்பும் வெள்ளையும் கலந்த குட்டி உருவம். ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடங்கியும் இருந்தது. காசு கொடுத்து ஏறின பயணி மாதிரி ஜன்னல் வழியாக மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரோட வந்துச்சுன்னே தெரியல. டிக்கெட்டும் எடுக்கல" என்றான் சிட். "நீயே கூட்டிட்டுப் போயிடு. என் ரூம்ல எனக்கே இடம் கிடையாது."

போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி வைத்தார்கள். யாரும் தேடி வரவில்லை. நாய்க்கு பெஸ்ஸி என்று பெயர் வைத்தவள் மகள் லொரெய்ன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கூட்டிவந்த அன்று வின்னி வாசலில் நின்றபடி நனைந்த நாயையும் நனைந்த புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா இப்பவே சொல்லிட்டேன் கிளிஃப். அவ இடம் தரை. அந்த சோஃபாவுல ஒரு காலை வச்சாளோ, நீயும் அவளும் சேர்ந்து பஸ் டெப்போல குடித்தனம் பண்ணலாம்."

அந்த சோஃபா வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் அதுவரை இருந்த எல்லாமே யாரோ தந்தவை. கட்டில் கிளிஃபின் அம்மாவுடையது. மேஜை பக்கத்து வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போகும்போது விட்டுச்சென்றது. கடையில் போய், நின்று பார்த்து, தொட்டுப் பார்த்து வின்னி வாங்கிய முதல் பொருள் அந்த சோஃபாதான். வெண்ணெய் நிறம். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் மேபல். வின்னியின் அக்கா. கல்யாணமாகாதவள். அவள் வீட்டுக் கம்பளத்தில் நடந்தால் நடந்த தடம் தெரியும் என்று கிளிஃப் அங்கே போகவே கூசுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாட்டுக்கு வருவாள். கதவைத் திறந்ததும் மூக்கை ஒருமுறை சுளித்து, "நாய் வீடுன்னா நாய் வாசனை அடிக்கத்தானே செய்யும், வின்னி. நீ என்ன பண்ணுவே பாவம்" என்பாள். அந்தப் "பாவம்"தான் வின்னியை எரிக்கும்.

ஆக, சட்டம் போட்டாயிற்று. கணப்புக்குப் பக்கத்தில் பழைய போர்வை போட்ட ஒரு கூடை பெஸ்ஸிக்கு. சட்டம் எப்படிக் காக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வின்னி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக முன்னறைக்குப் போவாள். சோஃபாவின் வலது மூலைக் குஷன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"சூடா இருக்கே."

"நான்தான் உக்காந்திருந்தேன்" என்பார் கிளிஃப்.

அதில் பொய் இல்லை. விடியற்காலை ஷிப்ட் முடித்து மத்தியானம் வீடு வந்தால், பூட்ஸைக் கழற்றிவிட்டு சோஃபாவில் நீட்டிப் படுப்பார். பெஸ்ஸி ஒரே தாவலில் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றி, அவர் முழங்கால் மடிப்பில் சுருண்டுகொள்வாள். மழை ஜன்னலில் சடசடக்கும். கணப்பில் நிலக்கரி சிணுங்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே விடியலில் எழுந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். வின்னி வரும் நேரத்துக்குச் சற்று முன்பு பெஸ்ஸியைக் கூடைக்கு அனுப்பிவிட்டு, குஷனைத் தட்டி, முடிகளைப் பொறுக்கி, அவளிருந்த இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்வார். சூட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமே.

முடி மட்டும் எப்படியும் மிஞ்சும். "இதோ பாரு, உன் பேன்ட்ல ஒட்டிக்கிட்டு வந்து இங்க கொட்டுது" என்று வின்னி பிரஷ்ஷை எடுப்பாள். கிளிஃப் குற்றவாளியாகத் தலையைக் குனிந்துகொள்வார். உண்மையான குற்றத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

வருடங்கள் அப்படியே ஓடின. லொரெய்ன் உயரமானாள், பாட்டுப் பெட்டி கேட்டாள், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வேலைநிறுத்தத்தால் மின்சாரம் அடிக்கடி போன குளிர்காலத்தில் மூவரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரே போர்வைக்குள் சோஃபாவில் நெருங்கி உட்கார்ந்திருக்க, கீழே கூடையிலிருந்து இரண்டு கண்கள் மட்டும் மினுமினுத்தன.

"பாவம்மா, குளிரும்" என்றாள் லொரெய்ன்.

"கடவுள் அவளுக்குக் கம்பளிக் கோட்டு குடுத்துத்தான் அனுப்பியிருக்கார்" என்றாள் வின்னி.

பெஸ்ஸியும் சட்டம் தெரிந்தவளாகத்தான் நடந்துகொண்டாள். வீட்டில் எல்லோரும் இருந்தால் சோஃபா என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளமாட்டாள். ஒரு நாயின் சாமர்த்தியத்தை நினைத்து கிளிஃப் உள்ளுக்குள் வியந்துகொள்வார்.

பெஸ்ஸிக்கு வயதானது. முதலில் முகவாய் நரைத்தது. பிறகு பின்னங்கால்கள் பிடித்துக்கொண்டன. கிளிஃபுக்கு அந்த மாதங்களில் மாலை ஷிப்ட் என்பதால் மத்தியானத் தூக்கம் விட்டுப்போயிருந்தது.

அது ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை. மாட்டிறைச்சியும் யார்க்ஷயர் புட்டிங்கும் சாப்பிட்டு முடித்து, முன்னறையில் டீ. மேபல் சோஃபாவின் வலது மூலையில் கோப்பையைத் தட்டோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறு மூலையில் வின்னி. எதிரே நாற்காலியில் கிளிஃப் செய்தித்தாளோடு. பதினேழு வயது லொரெய்ன் கம்பளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பெஸ்ஸி கூடையிலிருந்து எழுந்தாள். உடம்பை ஒரு உதறு உதறினாள். கண்ணும் கொஞ்சம் மங்கியிருந்தது. விருந்தாளி இருப்பது தெரிந்ததோ இல்லையோ. நேராக வந்து முன்னங்கால் இரண்டையும் சோஃபாவின் விளிம்பில் வைத்தாள். பின்னங்கால்கள் எழும்பவில்லை. இறங்கினாள்.

"ஐயோ, என்ன இது?" என்று மேபல் கோப்பையை உயர்த்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல மேபல், தண்ணி கேக்கறாளோ என்னவோ" என்றார் கிளிஃப் அவசரமாக.

பெஸ்ஸி அவரிடம் வந்தாள். அவர் முழங்காலில் தாடையை வைத்து, சோஃபாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் சோஃபாவைப் பார்த்தாள். கிளிஃப் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பெஸ்ஸி லொரெய்னிடம் போய் மெல்லிசாக ஒரு முனகல் முனகினாள். சனிக்கிழமைகளில் அப்பாவும் அம்மாவும் சந்தைக்குப் போன பிறகு முனகுவாளே, அந்த முனகல். லொரெய்னின் காது வரை சிவந்துபோயிற்று. கிளிஃப் காகிதத்துக்கு மேலாக அதைப் பார்த்தார். ஓகோ, நீயுமா என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் அவர் ஆயுசுக்கும் மறக்கவில்லை. பெஸ்ஸி வின்னியிடம் போனாள். அவளைப் பார்த்துக் கெஞ்சவில்லை, முனகவில்லை. முன்னங்கால்களைக் குஷன்மேல் வைத்து, பின்பக்கத்தை வின்னியின் கைக்கு வாகாகத் திருப்பிக் கொடுத்து, அப்படியே காத்துக்கொண்டு நின்றாள். தினமும் நடக்கிற காரியத்துக்கு நிற்பதுபோல.

வின்னியின் கைகள் அவளைக் கேட்காமலே நீண்டன. "ஹப், ஏறுடி கண்ணு" என்று வாய் சொல்லியும் முடித்துவிட்டது. அப்புறம்தான் அவளுக்கு, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. நாயைப் பாதி தூக்கியபடி அப்படியே சிலையாக இருந்தாள்.

மேபல் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"வின்னி" என்றாள் மேபல், "இந்த சோஃபாவுல நாயையா ஏத்தறே?"

வின்னி அக்காவைப் பார்த்தாள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. பெஸ்ஸியைக் கீழே இறக்கிவிடுவாள் என்றுதான் கிளிஃப் நினைத்தார்.

"ஆமா மேபல். அவளுக்கு முழங்கால் வலி. வயசாயிட்டா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாததா? கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காரு. நீ உக்காந்திருக்கறது அவ இடம்."

மேபல் கோப்பை தட்டு எல்லாவற்றோடும் எழுந்து நடுவில் போய் உட்கார்ந்தாள். வின்னி பெஸ்ஸியைத் தூக்கி மூலையில் விட, பெஸ்ஸி மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்து, பெருமூச்சு ஒன்று விட்டாள். மேபல் டீயை முழுதும் குடிக்காமல் அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

கதவு சாத்தியதும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது லொரெய்ன். அப்புறம் கிளிஃப். வின்னி ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எப்போலேருந்து நடக்குது இது?" என்றார் கிளிஃப்.

"அவ வந்த முதல் குளிர்காலத்துலேருந்து. உனக்கு மாலை ஷிப்ட் வரும்போதெல்லாம், லொரெய்ன் தூங்கப் போனப்புறம். நான் பின்னிக்கிட்டு உக்காந்திருப்பேன், இவ என் தொடையில தலைய வச்சுக்குவா. ரேடியோ ஓடும்."

"அப்போ என்கிட்ட மட்டும் போலீஸ்காரி மாதிரி குஷனைத் தொட்டுத் தொட்டுப் பாத்தியே! அது என்னவாம்?"

"தொட்டுப் பாத்தா எல்லாம் தெரியும். மனுஷன் உக்காந்த சூடு பரவலா இருக்கும். நாய்ச் சூடு வட்டமா இருக்கும். முதல் வாரத்துலயே உன்னைக் கண்டுபிடிச்சிட்டேன்."

"தெரிஞ்சும் ஏம்மா ஒண்ணும் சொல்லல?" என்றாள் லொரெய்ன்.

"சொல்லியிருந்தா, நீயும் விடறியான்னு அப்பா கேட்டிருப்பாரே." வின்னி பெஸ்ஸியின் மடங்கிய காதை நீவினாள். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எல்லாரும் இருக்கும்போது மேல விட்டா, அவ உன்கிட்டதான் கிளிஃப் போய்ப் படுப்பா. நீதானே கூட்டிட்டு வந்தே. சட்டம்னு ஒண்ணு இருந்ததாலதான் எனக்குன்னு கொஞ்ச நேரம் கிடைச்சுது."

கிளிஃப் அந்தக் குஷனைப் பார்த்தார். அத்தனை வருடம், தனக்கு மட்டும் கிடைத்த இடம் என்று தான் நினைத்துக்கொண்டிருந்த அதே குஷனில் இவளும் தனியாக உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் மூன்று பேர், ஒரு நாயிடம் மூன்று ரகசியம். மூன்றையும் காத்தவளோ அந்த நாய் ஒருத்திதான்.

மேபல் மூன்று வாரம் வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தாள். மூக்கைச் சுளித்தாள், அந்தப் "பாவம்" மட்டும் வரவில்லை. கைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஹாம் துண்டு ஒன்றை எடுத்து, "வீட்ல மிச்சம் இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல" என்று சொல்லி பெஸ்ஸி பக்கம் நீட்டினாள். தனி ஆள் வீட்டில் ஹாம் எப்படி மிச்சமாகும் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் பெஸ்ஸி இருந்தாள். கிளிஃபின் நினைவில் அந்த வீடு என்றால் அந்த இரண்டு குளிர்காலம்தான். வலது மூலையில் பெஸ்ஸி, நடுவில் வின்னி, இந்தப் பக்கம் அவர். லொரெய்ன் தரையில், முதுகை சோஃபாவில் சாய்த்துக்கொண்டு. ஒருவருக்கும் காலை நீட்ட இடமில்லை. யாராவது எழுந்து டீ போடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். வெண்ணெய் நிறம் போய், அது என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் போயிற்று.

ஓர் ஏப்ரல் காலையில் பெஸ்ஸி அங்கேயே, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். கொல்லையில் ரோஜாப் புதருக்குக் கீழே குழி தோண்டினார் கிளிஃப். அந்த இலையுதிர்காலத்தில் லொரெய்னும் லீட்ஸ் நகரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சோஃபாவில் இடம் தாராளமாக இருந்தது. கால் நீட்டலாம், படுக்கலாம். இரண்டு பேருக்கும் அதில் உட்காரவே பிடிக்கவில்லை. சமையலறை மேஜையிலேயே மாலைகள் கழிந்தன.

மறு வருடம் ஸ்பிரிங் ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தபோது, புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போனார்கள். விற்பனைக்காரர் நல்ல நல்ல நிறங்களாகக் காட்டினார். ரோஜா நிறம், வானத்து நீலம், பாலாடை வெள்ளை. வின்னி எதையும் நின்று பார்க்கவில்லை. கடையின் கடைசியில் ஒரு மூலையில், சேறும் டீயும் கலந்தாற்போன்ற நிறத்தில் ஒன்று கிடந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். துணியின்மேல் கையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள்.

"இது அவ்வளவா விலை போகாத நிறம்ங்க" என்றார் விற்பனைக்காரர். "ஆனா முடி ஒட்டினா தெரியாது. வீட்ல நாய் இருக்கா?"

"இல்ல" என்றாள் வின்னி. கைப்பையைத் திறந்துகொண்டே, "இன்னும் இல்ல" என்றாள்.

கிளிஃப் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் பக்கமே திரும்பாமல், எப்போது கொண்டுவந்து போடுவார்கள் என்று விற்பனைக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.