மடிக்காத துண்டு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஜன்னல் திரைக்குத் துணி வாங்கப் போன கடையில் கிடைத்தது. கடைக்காரர் சொல்லிக்கொண்டே போக, வெட்டுமேசையில் நின்ற அவர் மனைவி கத்தரியை நிறுத்தாமலே, "அப்படி இல்லைங்க, ஒழுங்கா சொல்லுங்க" என்று இடையிடையே திருத்தினாள். திரை முதல் துவைப்பிலேயே சுருங்கிவிட்டது. கதை இன்னும் சுருங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதல் வரி:

சூரியன் மெல்ல எழுந்துகொண்டிருந்தபோது அவள்... (வேண்டாம். சூரியன் எழ என் உதவி தேவையில்லை.)

ஓட்டம் என்பதும் வாழ்க்கையைப் போலவே ஒரு... (இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

கடைக்காரருக்கு வாயை அடக்கத் தெரியும். கையை அடக்கத் தெரியாது.

இது நிற்கும். தொடர்கிறேன்.

2

அவர் மனைவி நெடுந்தூர ஓட்டக்காரி. கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே தினமும் ஓடி முடித்துவிடுவாள். போன வருஷம் பெரிய ஓட்டத்தில், மேம்பாலம் ஏறும் இடத்தில் கால் இழுத்துக்கொண்டது. ஓரத்தில் நின்றிருந்த கடைக்காரர், "போதும்மா, வந்துடு" என்றார். வந்துவிட்டாள். வீட்டில் வெந்நீர் பக்கெட்டில் காலை வைத்ததும்தான் தெரிந்தது, இன்னும் ஓடியிருக்கலாம் என்று. அதன்பின் பல நாள் அவரிடம் உப்புச்சப்பில்லாமல் பேசினாள்.

இந்த வருஷம் சாப்பாட்டு மேசையில் வைத்தே எல்லாரிடமும் வாக்கு வாங்கினாள்.

"அதே மேம்பாலத்துக்கிட்ட நில்லுங்க. தண்ணி குடுங்க, துண்டு குடுங்க. 'போதும்'னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது."

"நான் வாயே திறக்கமாட்டேன்," என்றார் கடைக்காரர்.

"அத்தான் வாயே திறக்கலைன்னா அது பேப்பர்ல வரும்க்கா," என்றான் அவள் தம்பி. மகள் சிரிக்கவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

(ஒரு விளக்கம். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அந்தக் கடையில் பேரம் நடக்கும்போது, விரித்துப்போட்ட துணியைக் கடைக்காரர் மடிக்கத் தொடங்கினால், அது மனைவிக்குத் தகவல்: இது படியாது, விட்டுவிடு. அவள் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். பேச்சே கிடையாது. மடிப்பதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு அது தெரியும். ஆனால் இருக்கிற சரக்கையெல்லாம் ஒரேயடியாக விரித்துக் காட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.)

3

ஓட்ட நாள். பாலத்தின் அடிவாரத்தில் மூவரும் நின்றார்கள். தம்பியிடம் தண்ணீர் பாட்டில், மகளிடம் உரித்த ஆரஞ்சு, கடைக்காரரிடம் துண்டு. ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். அது யாரை முந்துகிறதோ அவர் ஆட்டத்தில் இல்லை. பேசாமல் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

தூரத்தில் வேன் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் தெரிந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு தோள் சரிந்திருந்தது.

கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கை மட்டும் துண்டை இரண்டாக மடித்தது, நாலாக மடித்தது, விளிம்போடு விளிம்பு சேர்த்து நீவிவிட்டது.

அவள் அதைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"அக்கா, ஏன் நின்னுட்டே? வேன் வருது!"

அவள் தம்பி பக்கம் திரும்பவே இல்லை. "மடிச்சாச்சா?" என்றாள் கணவரிடம்.

"அப்பா!" என்றாள் மகள். திட்டுவதற்கு வேறு சொல் அவளுக்குத் தேவைப்படவில்லை.

4

இந்த இடத்தில் கடைக்காரரை நான் நம்பவில்லை. "பழக்கதோஷம் சார், கை தானா மடிச்சிடுச்சு," என்றுதான் என்னிடம் சொன்னார். அதுவரை நிற்காத கத்தரி அப்போது நின்றது.

"அப்படி இல்லைங்க," என்றாள் அவள்.

அதனால் பழக்கதோஷத்தை அடித்துவிட்டு எழுதுகிறேன்: அவருக்குப் பயம். அவளை அள்ளி வேனில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றிருந்தது. வாக்குக் கொடுத்தது வாய், கை கொடுக்கவில்லை.

வேன் ஹாரன் அடித்தது. கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"மடிச்சா என்னவாம்? மடிக்கிறதைப் பாத்தாத்தானே கடைப் படியிறங்கினவங்களும் திரும்பி வர்றாங்க."

(நான் ஒளித்து வைத்திருந்த சூட்சுமம் இதுதான். விரித்துக் கிடக்கும்வரை அலட்சியம். மடிக்கத் தொடங்கினால்தான் வாங்க வந்தவருக்கு அந்தத் துணிமேல் ஆசை வரும்.)

பொய். சூட்சுமம் நிஜம்தான், ஆனால் அதற்காக மடித்ததாகச் சொன்னது அந்த நொடியில் நெய்த, சாயம்கூடக் காயாத பொய். அது அவளுக்கும் தெரியும். பொய்க்கு முன்னால் வரும் அந்தச் செருமலைக் கேட்டுக் கேட்டே கடையில் காலம் தள்ளியவள் அவள்.

"எங்கிட்டயே வியாபாரமா?"

"வேற யாருகிட்ட போய்ப் பண்றது?"

விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"இருக்கட்டும். விரிங்க."

விரித்தார். முகத்தைத் துடைத்துவிட்டு, துண்டை அவர் கைகளின்மேல் விரித்தபடியே போட்டாள். "நான் வந்து சேர்ற வரைக்கும் இதை மடிக்கக்கூடாது."

ஆரஞ்சில் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு பாலம் ஏறினாள். அதை ஓட்டம் என்றால் யாராவது வழக்குப் போடுவார்கள். ஆனால் ஏறினாள்.

5

கைவசம் முடிவுகள் இருக்கின்றன. வேனுக்கு ஒரு மூச்சு முன்னால் எல்லைக்கோட்டைத் தொடுகிறாள், மகள் அழுகிறாள். இது வைத்த உடனே போய்விடும் சரக்கு. இல்லையென்றால், பாலத்தின் உச்சியில் வேன் முந்துகிறது. அவள் கையசைத்து அதைப் போகச் சொல்லிவிட்டு நடைபாதையிலேயே ஓடி, எல்லைக்கோட்டுப் பந்தலைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்ட பிறகு வந்து சேர்கிறாள். இலக்கியம் தெரிந்தவர்கள் இதைத் தடவிப் பார்ப்பார்கள். அவள் வேனில் ஏறுவதாகவும் ஒன்று தொடங்கினேன். "அவள் கதவைப் பிடித்து..." அதற்குமேல் பேனா நகரவில்லை.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். திரைத்துணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே அவளே சொன்னாள். நான் சொல்லப்போவதில்லை. நான் விரித்ததோடு சரி. மடிப்பது உங்கள் பாடு.

மூவரும் காரில் எல்லைக்கோட்டுக்கு விரைவதை மட்டும் காட்டிவிட்டுப் போகிறேன். கடைக்காரர் பின் சீட்டில், இரு கைகளிலும் துண்டை விரித்துப் பிடித்தபடி.

"அத்தான், அதை மடிச்சு வைங்களேன். பின்னாடி கண்ணாடி மறைக்குது."

"மறைக்கட்டும். நீ ஓட்டு."