மறுபடியும் சொல்லுங்க ஐயா

மேடையில் கவிதை வாசிப்பவர்கள் ஒரு வரியை இரண்டு தரம் சொல்வது வழக்கம். நம் கவிஞருக்கு அந்தப் பழக்கம் மேடையோடு நிற்கவில்லை. வீட்டில் டீ கேட்டாலும் "சூடாக ஒரு தேநீர்… சூடாக ஒரு தேநீர்" என்பார். பல் டாக்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று தன்னிடம் கவிதை கற்க வந்தவர்களுக்கு அவர் நடத்திய முதல் பாடமே கேட்பது எப்படி என்பதுதான். ஐயா ஒரு வரி சொன்னால் கண்ணை மூட வேண்டும், "ஆகா" போட வேண்டும், பிறகு "மறுபடியும் சொல்லுங்க ஐயா" என்று கெஞ்ச வேண்டும். இதில் எல்லாரும் தேறிவிட்டார்கள். கவிதைதான் ஒருவருக்கும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைக் குளக்கரைக்கு மாற்றினார். நாலு சுவருக்குள் இயற்கை எப்படி வரும்? இத்தனைக்கும் எறும்பைக் கண்டாலே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிற ஆள். கூடவே குடையோடு வந்த மனைவி மரத்தடியில் உட்கார்ந்து, வழக்கம்போல் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள்.

"குளமே, உன் மடியில் என் பாதம்" என்று சொல்லிக்கொண்டே கவிஞர் தண்ணீரில் இறங்கினார். ஆழம் தெரியாமல் காலை விட்டால் வேறென்ன ஆகும்? ஒரு கால் முழங்கால்வரை சேற்றில் போனது. அதை இழுக்கப் பார்த்ததில் மற்றதும் போனது.

"ஐயோ, புதையுது" என்றார்.

மாணவர்கள் கண்ணை மூடினார்கள்.

"ஆகா" என்றார் பல் டாக்டர். "மறுபடியும் சொல்லுங்க ஐயா."

"நிஜமாவே உள்ள இழுக்குதுய்யா. யாராவது கையைக் குடுங்க."

"அலங்காரமே இல்லாம என்னமா சொல்றார் பாருங்க" என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் மூடிய கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேறு இடுப்புக்கு வந்துவிட்டது. கவிஞர் கத்தக் கத்த "ஆகா"தான் கூடியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. "நான் கவிதை சொல்லலைய்யா, சாகப்போறேன்" என்று அழுதார். அதற்குக் கைதட்டல் விழுந்தது.

மனைவிக்குக் காதில் பஞ்சு இருந்ததால் கவிதை கேட்கவில்லை. மனுஷன் முங்குவது மட்டும் தெரிந்தது. ஓடிவந்து குடையின் வளைந்த பிடியை நீட்டினாள். பல் டாக்டரின் முதுகில் ஒன்று போட்டு, "கண்ணைத் திறந்து இழுங்க" என்றாள். எல்லாரும் சேர்ந்து இழுத்ததில் கவிஞர் கரைக்கு வந்தார். செருப்புகள் வரவில்லை.

மூச்சு வாங்க மல்லாந்து கிடந்தார். தன்னிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து, மனைவி பல வருஷத்துக்குப் பிறகு அவருக்காகக் காதுப் பஞ்சை எடுத்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னதை யாராவது எழுதி வெச்சீங்களா?"

ஒருவரும் எழுதவில்லை. எல்லாரும்தான் கண்ணை மூடியிருந்தார்களே. கவிஞரின் முகம் செத்துப்போனது.

மனைவி குடையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டாள்.

"வேணும்னா மறுபடியும் இறக்கி விடட்டுமா?" என்றாள்.