கூடை இல்லாத பிள்ளை

சிங்களம், தமிழ், முஸ்லிம், பறங்கியர் என்று பள்ளிக்கூடச் சுதந்திர தின விழாவில் பிள்ளைகள் உடுத்தப் போகும் நாலு இனத்து உடுப்பும் கொட்டாஞ்சேனையில் ரதியின் தையல் மெசினில்தான் பிறந்தன. சிங்களப் பிள்ளையின் கண்டியன் சாரிச் சட்டையின் புடைத்த கைக்கும் பறங்கிக் கவுனின் கைக்கும் அவளிடம் இருந்தது ஒரே கடதாசி அச்சு. இதைத்தான் நாகேஸ்வரி டீச்சர் மைக்கைப் பிடித்து, ஆயிரம் வருசத்துப் பாரம்பரியம் என்று சொல்லப் போகிறார். நினைக்கவே ரதிக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்தாவது பிள்ளைக்கு உடுப்பே தைக்கச் சொல்லவில்லை. அது மலையகத் தமிழராக நிற்கப் போகும் ரதியின் மகள் உஷாந்தி.

"அவவுக்கு ஒரு கொழுந்துக் கூடையும் தலையில துண்டும் காணும்," என்றார் டீச்சர்.

"அவ தேயிலைச் செடியப் படத்துலதான் பாத்திருக்கா டீச்சர். பொறந்தது இங்கதான்."

"சனத்துக்கு ஆர் எண்டு விளங்க வேணுமே. கூடை இல்லாட்டி மேடையில இடமில்லை."

ரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடையில் அவளுக்கு வெட்கம் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் அதைச் சுமந்துதான் அவளுடைய அம்மா அவளை ஆளாக்கினார். ஆனால் மற்ற நாலு பேரும் பளபளவென்று உடுத்தி நிற்க, தன் பிள்ளை மட்டும் கூலி வேலையை முதுகில் கட்டிக்கொண்டா நிற்க வேண்டும்? அதற்காக மேடையை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. உஷாந்தி ஒரு மாதமாக அதே நினைப்பில் இருந்தாள். ரதி கூடையை வாங்கிக்கொண்டு போனாள்.

விழாவன்று நாலு பிள்ளைகளும் வரிசையாக மேடையேறினார்கள். கடைசியாக உஷாந்தி ஏறினாள், கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளைப் பள்ளிச் சீருடையில்.

மேடையோரம் நின்ற ரதியிடம் டீச்சர் ஓடி வந்தார். "இது என்ன உடுப்பு?"

"பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் குடுத்த துணி டீச்சர். அந்த நாலு பேருக்கும் இதத்தான் குடுத்தாங்க."

"இப்ப நான் மைக்கில என்ன எண்டு சொல்லுறது?"

ரதி காலடியில் வைத்திருந்த கூடையைத் தூக்கி டீச்சரின் கையில் கொடுத்தாள். "கூடைதான் முக்கியம்னா நீங்க சுமந்துகிட்டு ஏறுங்க."

மேடையில் உஷாந்தி காத்திருந்து பார்த்தாள். அறிவிப்பு வரவில்லை. மைக்கைத் தன் உயரத்துக்கு அவளே தாழ்த்தினாள்.

"என் பேரு உஷாந்தி. ஊரு கொட்டாஞ்சேனை. நான் வேற எங்க இருந்தும் வரல."

மண்டபம் கைதட்டியபோது, கீழே கூடையோடு நின்றது டீச்சர்தான்.